ஜட்ஜ் ஐயா நம் வீட்டில் குடித்த காப்பி

ஏலே மகனே, நேற்று நீ போனைப் பாதியில் வைத்துவிட்டாய். சிக்னல் இல்லை என்று பிறகு அம்மாவிடம் சொன்னாயாம். மதுரையில் சிக்னல் இல்லையாம், அட்டுவம்பட்டியில் பனிக்குள் உட்கார்ந்திருக்கும் எனக்கு மட்டும் நாலு கோடு இருந்ததாம்! சரி, போகட்டும். பேசினால்தானே நடுவில் வைப்பாய், எழுதினால் என்ன செய்வாய் என்றுதான் பேனாவை எடுத்தேன். உன் அம்மா அடுப்படியிலிருந்தே, "பிள்ளை திங்கக்கெழம ட்ரெயினிங் போகப் போகுது. இந்த நேரத்துல அதுகிட்ட மல்லுக்கட்டாதீங்க" என்கிறாள். நான் மல்லுக்கட்டவில்லை. நேற்று நீ என்னிடம் மூன்று கேட்டாய். மூன்றுக்கும் பதில் சொல்லாமல் உன்னை ரயில் ஏற்ற எனக்கு மனசில்லை.

நீ கேட்டதை அப்படியே எழுதுகிறேன். "அப்பா, அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடாதீங்க. போட்டே ஆகணும்னா போட்டோவக் குடுக்காதீங்க. குடுத்தே ஆகணும்னா அதுல என்னைய வெட்டிட்டுக் குடுங்க." அந்தப் பேப்பர் என் சத்திய வாக்குமூலம். நாட்டின் மிகப் பெரிய கோர்ட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு நீதிபதி, ஆறு வருஷத்துக்கு முன்னால், நம் ஊர் ஓடை வழக்கு அவர் முன்னால் இருந்தபோதே, நம்மை எதிர்த்து வழக்காடிய ரிசார்ட்டில் விருந்தாளியாகத் தங்கினார் என்று நான் கண்ணால் பார்த்ததை எழுதிக் கொடுப்பது. போட்டோ, அதே நீதிபதி நம் வறண்ட ஓடைக்குள் நிற்பது. அவருக்குப் பக்கத்தில் கையை நீட்டி மேலே எதையோ காட்டிக்கொண்டு நிற்பது நீ. இப்போது நீ சிவில் ஜட்ஜ் பரீட்சை பாஸாகி நியமன உத்தரவைக் கையில் வைத்திருக்கிறாய். உனக்குப் பயம். எனக்கு மட்டும் பயமில்லை என்று நினைத்துக்கொள்ளாதே.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் அதில் என் பங்கை நான் உன்னிடம் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மேல்மலையில் நம் ஊருக்கு மேலே ரிசார்ட் வந்ததும், ஓடைக்குக் குறுக்கே சுவர் வைத்து, படகு விட ஒரு குளம் கட்டினார்கள். கீழே அறுபது குடும்பத்துப் பூண்டுக்காடு காய்ந்தது. உன் நாச்சம்மா அத்தையின் காடுதான் ஓடையில் முதல் காடு. அதனால் வழக்கிலும் அவள் பெயர்தான் முதல் பெயர். கீழ்க் கோர்ட்டிலிருந்து இடத்தைப் பார்த்து அளந்து எழுத ஒரு கமிஷனரை அனுப்பினார்கள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும், வக்கீலுக்குப் படித்த பெண்பிள்ளை. காலில் அட்டை ஏறியதைக்கூடப் பொருட்படுத்தாமல் டேப்பைப் பிடித்துக்கொண்டு ஓடை முழுக்க நடந்தது. மதியம் நம் வீட்டு வாசலுக்கு வந்தபோது, பெரும்பாறையிலிருந்து உன் மாமா அனுப்பிய காப்பித்தூளில் உன் அம்மா டிகாக்‌ஷன் இறக்கி, ஆவி பறக்கக் கொண்டுவந்து நீட்டினாள்.

அந்தப் பெண் வாங்கவில்லை. "வேணாங்கம்மா, தப்பா நெனைக்காதீங்க. கேஸு முடியிற வரைக்கும் ரெண்டு பக்கத்துலயும் நான் எதுவும் வாங்கக் கூடாது. மேல ரிசார்ட்லயும் சாப்புடலைங்க" என்று சொல்லிவிட்டு, வெளியே பாறையில் உட்கார்ந்து தன் பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தது. உன் அம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. "என்ன பவுசு பாத்தீங்களா அவளுக்கு! நம்ம வீட்டுக் காப்பி கசக்குதாக்கும்" என்று ஒரு வாரம் புலம்பினாள். நானும் விட்டேனா? இந்தப் பிள்ளை ரிசார்ட்காரனிடம் எதையாவது வாங்கியிருக்கும், அதனால்தான் நம் வீட்டில் கைநனைக்கக் கூசுகிறது என்று ஊரெல்லாம் சொன்னேன். வாங்காதவளைத் திருடி என்று சொன்ன வாய், மகனே, இந்த வாய். அந்தப் பெண் எழுதிய அறிக்கையை வைத்துத்தான் கீழ்க் கோர்ட்டில் ஜெயித்தோம். ஹைகோர்ட்டிலும் ஜெயித்தோம். அப்போதுகூட ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

ரிசார்ட்காரர்கள் பெரிய கோர்ட்டுக்குப் போய், சுவரை இடிக்கக் கூடாது என்று தடை வாங்கினார்கள். வழக்கு அங்கே கிடந்தது. நாம் இங்கே மழைத் தண்ணீரில் ஒரு போகம் பார்த்துக்கொண்டு கிடந்தோம். வயிற்றுப்பாட்டுக்கு நான் ஓட்டிய ஜீப் அந்த ரிசார்ட்டுக்குத்தான் ஓடியது, அது உனக்குத் தெரியும். தார் ரோடு முடிந்தபிறகு மேலே ஏற ஜீப்பை விட்டால் வழியில்லை, நம் ஊரை விட்டால் ஜீப்பும் இல்லை. வழக்கு ஒரு பக்கம், வாடகை ஒரு பக்கம். அந்த வருஷம் மே மாசம், சீசன் உச்சத்தில், மேனேஜர் கூப்பிட்டான். "நாளைக்கு வெள்ளனே வந்துருங்க. ஒரு விஐபி. வண்டியக் கழுவி, சீட்டுக் கவரு மாத்திப் போடுங்க." வந்தது ஒரு வயதான தம்பதி. மெல்லப் பேசுகிற மனிதர், வடநாட்டுக்காரர், தமிழ் தெரியாது. அவர்களை இறக்கிவிட்டதும் மேனேஜர் என் காதோரம் வந்து, "யாருன்னு தெரியுமா? நாட்டுலயே பெரிய கோர்ட்டு ஜட்ஜு. வாயத் தொறக்காம ஓட்டணும்" என்றான். வழக்குப் போட்ட அறுபது பேரில் நானும் ஒருத்தன் என்பது அவனுக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இருந்திருந்தாலும் நம்மை ஓர் ஆளாக மதித்திருக்க மாட்டான்.

இங்கேதான் நான் செய்த முட்டாள்தனத்தைக் கேள். வேறு எவனாக இருந்தாலும், ரிசார்ட்காரன் ஜட்ஜையே கையில் போட்டுக்கொண்டான் என்று அந்த நிமிஷமே சந்தேகப்பட்டிருப்பான். எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம்! கீழ்க் கோர்ட் ஒரு சின்னப் பெண்ணை அனுப்பி ஓடையைப் பார்க்கச் சொன்னது, பெரிய கோர்ட் என்பதால் ஜட்ஜ் ஐயாவே நேரில் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். ஜீப்பை விரட்டிக்கொண்டு ஊருக்கு வந்து கத்தினேன். "ஜட்ஜு ஐயாவே ஓடையப் பாக்க வந்திருக்காரு! வெரசா வாங்க எல்லாரும்!" அன்றைக்குச் சாயங்காலமே பெண்கள் எல்லாரும் இறங்கி, காய்ந்து கிடந்த ஓடையில் முள்ளையும் குப்பையையும் பொறுக்கிச் சுத்தம் செய்தார்கள். தண்ணீர் இல்லாத ஓடையைக் கூட்டிப் பெருக்கிய ஊர் நம் ஊராகத்தான் இருக்கும். நாச்சம்மா அத்தை ஆரத்தித் தட்டைத் தேய்த்து வைத்தாள். நீ லீவுக்கு வந்திருந்தாய், மூன்றாம் வருஷச் சட்டப் படிப்பு. இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல நம் வீட்டிலேயே ஆள் இருக்கிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலையில் வியூ பாயிண்டுக்குப் போகிற வழியில் ஓடைக்குப் பக்கத்தில் ஜீப்பை நிறுத்தினேன். முன் சீட்டில் இருந்த மேனேஜர், "ஏன்யா நிறுத்துற? ஓட்டுய்யா!" என்று பல்லைக் கடித்தான். அதற்குள் ஊரே ரோட்டில் நின்றது. ஜட்ஜ் ஐயா இறங்கினார், சிரித்தார், ஆரத்தியை ஏற்றுக்கொண்டார். நீ ஓடைக்குள் இறங்கி அவரைக் கூப்பிட்டாய். அவரும் இறங்கி வந்தார். இது எந்த ஓடை, மேலே தெரிகிற சுவர் யாருடையது, எத்தனை வருஷமாக வழக்கு நடக்கிறது என்று நீ ஒன்றுவிடாமல் சொன்னாய். அவர் எத்தனை குடும்பம் என்று கேட்டார். அறுபது என்றாய். என்ன படிக்கிறாய் என்று கேட்டுவிட்டு உன் தோளில் தட்டிக்கொடுத்தார். அந்த நேரத்தில்தான் நாச்சம்மா அத்தை மகள் போனில் படம் எடுத்தாள். அவருக்குப் புரியாமல் எதுவும் நடக்கவில்லை. புரிகிற பாஷையில் சொன்னது நீ.

அப்புறம் அவர் நம் வீட்டுக்கு வந்து காப்பி குடித்தார். இரண்டாவது டம்ளரை அவரே கேட்டு வாங்கிக் குடித்தார். உன் அம்மா பூரித்துப்போய், "எம்புட்டுப் பெரிய மனுசரு, நம்ம வீட்டு டம்ளருல குடிக்கிறாரு பாத்தீங்களா! அன்னைக்கு ஒருத்தி வந்தாளே, ராங்கி புடிச்சவ!" என்று என் காதைக் கடித்தாள். எனக்கும் அதே நினைப்புதான். நம் வழக்கம் அப்படி. நம் வீட்டில் கைநனைத்தவன் நம் பக்கம், நனைக்காதவன் எதிரி. கோர்ட்டு ஆளை அந்த வழக்கத்தால் அளக்கக் கூடாது என்று எனக்கு யார் சொன்னார்கள்? குடிக்காமல் போனவளை வெறுத்தோம், குடித்தவரைக் கும்பிட்டோம். இரண்டையும் தலைகீழாகச் செய்தோம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். என் ஜீப்பில் வருகிற கெஸ்ட் ஊருக்குக் கிளம்பும்போது ஒரு சின்னப் பையில் நம் காட்டுப் பூண்டு கொடுத்தனுப்புவேன், பிள்ளைகள் இருந்தால் நாலு பேரிக்காய். அது பிரியத்தில் கொடுப்பது, எல்லாருக்கும் கொடுப்பது. ஜட்ஜ் ஐயா கிளம்பிய அன்றைக்கு, அடுத்த போகத்துக்கு விதைக்கு என்று தரம் பிரித்து வைத்திருந்த மூட்டையை எடுத்தேன். ஒரு முழு மூட்டை. இரண்டு பேராகத் தூக்கி அவர் காரின் டிக்கியில் வைத்தோம். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் வீட்டு அம்மாள் மட்டும் இது பிரஷருக்கு நல்லதா என்று கேட்டார்களாம். அந்த மூட்டையைத் தூக்கும்போது என் மனசுக்குள் ஓடியது பிரியம் இல்லை. இது உள்ளே போனால் தீர்ப்பு நம் பக்கம் வரும் என்று ஓடியது. அதற்குப் பெயர் லஞ்சம். ரிசார்ட்காரன் கொடுத்தது பெரிது, நான் கொடுத்தது சின்னது. கொடுத்த மனசு ஒன்றுதான்.

அன்றைக்கு வீட்டில் நீ சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "அப்பா, நம்ம கேஸு அவரு முன்னாடிதான் கெடக்கு. கோர்ட்டு லிஸ்ட்ல பாத்தேன். அவரு இங்க வந்திருக்கவே கூடாது. வந்து எதிர்த்தரப்புக்காரன் ரிசார்ட்ல தங்கவே கூடாது. நம்ம வீட்ல காப்பி குடிச்சதும் தப்பு, நீங்க மூட்டையக் குடுத்ததும் தப்பு." நான் என்ன சொன்னேன்? "வாய மூடுலே. பெரியவங்க சோலியில தலையிடாத. மூணு வருசம் படிச்சதுக்கு ஜட்ஜுக்கே சட்டம் சொல்லுவியோ?" என்றேன். கூடியிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நீ முகம் சிவந்து எழுந்து வெளியே போனாய். இருபது வயதில் உனக்குப் புரிந்தது ஐம்பது வயதில் எனக்குப் புரியவில்லை. அது போதாது என்று உன் வாயையும் அடைத்தேன். நேற்று நீ என் வாயை அடைக்கப் பார்த்தபோது முதலில் கோபம் வந்தது, அப்புறம்தான் உறைத்தது, இந்தப் பாடத்தை நடத்தியவன் நான்தான் என்று.

குளிர்காலத்தில் தீர்ப்பு வந்தது. அப்படி ஓர் ஓடை இருந்ததற்கே சரியான சாட்சியம் இல்லை, கமிஷனர் அறிக்கையை நம்புவதற்கில்லை என்று எழுதி, கீழே கொடுத்த தீர்ப்பு எல்லாவற்றையும் தள்ளிவிட்டார்கள். எழுதியவர் அவர். ஓடைக்குள் ஷூக்காலோடு நின்றவர்! நீ மதுரையிலிருந்து போனில் படித்துக் காட்டியபோது உன் குரல் உடைந்தது. நான், "சரி, விடு" என்றேன். விடு என்று சொல்ல நான் யார்? அந்த வருஷம் விதைக்குப் பூண்டும் இல்லை, பாய்ச்சத் தண்ணீரும் இல்லை. ஒவ்வொரு குடும்பமாக இறங்கிப்போனது. நாமும் அட்டுவம்பட்டிக்கு வாடகை வீட்டுக்கு வந்தோம், நான் ஏரிக்கரையில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறேன். நாச்சம்மா அத்தை மட்டும் ஊரை விட்டு வரவில்லை. அவள் இப்போது அந்த ரிசார்ட்டிலேயே விரிப்பும் துண்டும் துவைக்கிறாள். எந்தத் தண்ணீரில் என்று நீ என்னைக் கேட்காதே.

தீர்ப்பு வந்த கொஞ்ச நாளில் அவள் என்னிடம் வந்தாள். "தம்பி, அந்த ஆளு நம்ம ஓடையில நின்னாருல்ல? படம் எம்மக போன்ல இருக்குல்ல? எங்கயாச்சும் போயிச் சொல்லுவோம்யா" என்றாள். நான் அவள் மேல் பாய்ந்தேன். "எங்க போயிச் சொல்ல? அதுக்கு மேல ஒரு கோர்ட்டு இருக்கா? எம்மவன் சட்டம் படிக்கிறான், நாளைக்குப் பரீச்சை எழுதணும். அவன் வாழ்க்கையில மண்ணப் போடாதக்கா!" காட்டைப் பறிகொடுத்தவளைப் பார்த்து, என் மகன் வாழ்க்கையில் மண்ணைப் போடாதே என்றேன். அவள் முந்தானையை உதறிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நீ பாஸானபோது முதலில் வந்து உனக்குச் சர்க்கரை கொடுத்தவளும் அவள்தான்.

போன மாதம் அந்தக் கமிஷனர் பெண் நம் ஊருக்கு வந்திருக்கிறார். இப்போது திண்டுக்கல்லில் பேர்பெற்ற வக்கீலம்மா. அந்த நீதிபதி மேல் வேறு ஊர்களிலிருந்தும் புகார் கிளம்பியிருக்கிறது, பேப்பரிலும் அடிபடுகிறது. தான் அளந்து எழுதியதைப் பொய் என்று தள்ளிய தீர்ப்பை அவர் இத்தனை வருஷமாக மறக்கவில்லை. விசாரிக்கச் சொல்லி அந்தக் கோர்ட்டின் தலைமைக்கே மனு அனுப்பப் போகிறார், பார்த்தவர்கள் வாக்குமூலம் வேண்டும். நாச்சம்மா அத்தையிடம் போட்டோவைக் கேட்டிருக்கிறார். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "படம் இருக்குங்க. ஆனா அதுல எந்தம்பி மகன் நிக்கிறான். அவன் இப்ப ஜட்ஜாகப் போறான். தம்பி சரின்னு சொன்னாத் தரேன், இல்லேன்னா இல்ல" என்றாளாம். ஆறு வருஷமாக அவள் அதை வெளியே விடாமல் வைத்திருந்தது பயத்தில் இல்லையடா, உனக்காக. அதைக் கேட்டதும் ஏரிக்கரையில் அத்தனை டிரைவர்கள் நடுவில் நான் அழுதேன். வெட்கப்படவில்லை.

வக்கீலம்மாவிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவரைப் பற்றி ஊரில் நான் பரப்பியதைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "அன்னைக்கு அந்தக் காப்பி வாசத்துல எனக்கு எச்சி ஊறுச்சுண்ணே, சத்தியமா" என்றார். அப்புறம் நானும் உன்னைப் போலத்தான் கேட்டேன். என் மகனை வெட்டிவிட்டுக் கொடுக்கலாமா என்று. "வெட்டுன போட்டோவ வச்சு என்ன செய்ய? எதை வெட்டுனீங்கன்னுதான் முதல்ல கேப்பாங்க" என்றார். பூண்டு மூட்டையைச் சொன்னதும் பேனாவை நிறுத்திவிட்டார். "அண்ணே, இத எழுதுனா உங்களையும் சேத்துத்தான் கேப்பாங்க. குடுக்குறதும் குத்தந்தான்." எழுதுங்க என்றேன். அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால், அந்த வாக்குமூலமும் வெட்டின போட்டோதானே?

இனி நேற்று நீ சொன்ன நியாயங்களுக்கு வருகிறேன். "கோர்ட்டு மேல ஜனங்களுக்கு இருக்குற நம்பிக்கை போயிரும்பா" என்றாய். எந்த ஜனம்? தண்ணீர் இல்லாத ஓடையைக் கூட்டிப் பெருக்கிவிட்டு நின்றதே, அந்த ஜனமா? அதைவிட நம்பிக்கை எந்தக் கோர்ட்டுக்குக் கிடைக்கும்? அந்த நம்பிக்கையில் ஷூக்காலை வைத்து நின்றவர் அவர். அதைக் கெடுத்தவன் நான் என்று ஆகிவிடுமா, நான் சொன்னால்? ஏரிக்கரை டீக்கடையில் தினமும் கேட்கிறேன். "கோர்ட்டாவது கேட்டாவது, எல்லாம் வெலைக்குத்தான்" என்கிறான் ஒருத்தன். நான் அவனோடும் சண்டை போடுகிறேன். எல்லாரும் இல்லையடா, மழை ஒழுகுகிற கீழ்க் கோர்ட்டில் உட்கார்ந்து நமக்கு நியாயம் எழுதிய ஒருத்தர் இருந்தார், அட்டை கடிக்க நடந்து, பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போன ஒரு பெண் இருந்தாள். எல்லாரும் அப்படித்தான் என்று சொன்னால் தப்புச் செய்தவருக்குத்தான் கொண்டாட்டம். அவர் அப்படி என்று பெயர் சொல்லிச் சொன்னால்தான் மற்றவர்கள் தப்பிப்பார்கள். நாளைக்கு நீயும்.

"திருடன் வீட்லயே போயித் திருட்டுப் புகாரா?" என்று அதே டீக்கடையில் கேட்டார்கள், அந்தக் கோர்ட்டுக்கே மனு போகிறது என்றதும். எனக்கு வந்ததே கோபம்! அது அவர் வீடா? அது நம் வீடுய்யா. நாச்சம்மா அக்கா வீடு. அவர் அங்கே வேலைக்கு வந்தவர். வேலைக்கு வந்தவர் சரியில்லை என்றால் வீட்டுக்காரன் வீட்டை விட்டு ஓட வேண்டுமா? இத்தனை நாள் ஓடினேன். அதற்கு மேல் ஒரு கோர்ட் இருக்கிறதா என்று அன்று அக்காவிடம் கேட்டேனே, இப்போது சொல்கிறேன், அதற்கு மேல் நாம் இருக்கிறோம். அவமதிப்பு வழக்குப் போடுவார்கள் என்று பயமுறுத்துகிறாய். போடட்டும். என்னைக் கூண்டில் ஏற்றினால் அங்கேயும் இதையேதான் சொல்வேன், இன்னும் சத்தமாக. வாக்குமூலத்தின் நகல் ஒன்றை அந்த நீதிபதிக்கே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பப் போகிறேன், கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பி வருகிற அட்டையும் சேர்த்து. அவரும் ஒரு கையெழுத்துப் போடட்டுமே.

கடைசியாக நீ ஒன்று சொன்னாய், போனை வைப்பதற்கு முன்னால். "ஒரு ஜீப் டிரைவர் சொல்றத யாருப்பா நம்புவா?" அதுதான் என்னை ராத்திரி தூங்க விடவில்லை. உன் வாயிலிருந்து வந்ததே என்று. நீ கோபத்தில் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனால் மகனே, நாளைக்கு நீ உட்காரப் போகிற நாற்காலிக்கு முன்னால் வந்து நிற்பவர்கள் முக்கால்வாசிப் பேர் ஜீப் டிரைவரும் துணி துவைக்கிறவளும்தான். அவர்கள் சொல்வதை யார் நம்புவார்கள் என்று நீயே கேட்டால், அந்த வேலைக்கு நீ போகாதே. சத்தியமாகச் சொல்கிறேன், போகாதே. வந்து என்னோடு ஜீப் ஓட்டு, மரியாதையான தொழில். உன் உத்தரவு ரத்தாகிவிடுமோ என்று உன் அம்மா தினமும் முருகனிடம் முறையிடுகிறாள். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. நீ எத்தனை வருஷம் மதுரையில் ஒற்றை அறையில், அரை வயிற்றோடு படித்தாய் என்று எனக்குத் தெரியாதா? அதெல்லாம் என் கையெழுத்தால் போனால், சாகிற வரைக்கும் எனக்கு அது ஆறாது. அதைத் தெரிந்துதான் போடப் போகிறேன்.

ஆகவே உன் மூன்று கேள்விக்கும் பதில். கையெழுத்துப் போடுவேன். போட்டோவைக் கொடுப்பேன். உன்னை வெட்ட மாட்டேன். ஆனால் ஒன்று செய்திருக்கிறேன். வாக்குமூலத்தில் உன் பெயரை எழுதவில்லை. ஜட்ஜ் ஐயாவுக்கு இங்கிலீஷில் எடுத்துச் சொன்ன ஒரு பையன் என்று மட்டும் எழுதச் சொன்னேன். யார் அந்தப் பையன் என்று கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். கேட்பதற்கு முன்னால் அதை நீயே சொன்னால், ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் அடைத்த வாய் திறந்தது என்று எனக்கு இருக்கும். சொல்லாவிட்டாலும் நீ என் பிள்ளைதான், ட்ரெயினிங்குக்கு ரயிலேற்ற நானே வருவேன். இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு, காட்டாமல் கிழித்துப்போடு, அது உன் இஷ்டம். இதில் எனக்கு மறைக்க இனி ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நானும் நாச்சம்மா அத்தையும் மலை இறங்குகிறோம். அன்றைக்கு லீவு சொன்னால் வேலை போய்விடும் என்று ரிசார்ட்டில் அவளிடம் சொன்னார்களாம். "போனாப் போகுதுய்யா, அவுக துணிய அவுகளே தொவைச்சுக்கிரட்டும்" என்கிறாள். பத்து மணிக்குத் திண்டுக்கல்லில் நோட்டரி ஆபீஸ் வாசலில் வக்கீலம்மா நிற்பார். நீ வந்தால் அத்தையோடு நாம் மூன்று பேராக அவர் பின்னால் உள்ளே போவோம். பத்தேகால் வரைக்கும் வாசலில் பார்த்துக்கொண்டு நிற்பேன். அதற்கு மேல் நிற்க மாட்டேன், உள்ளே போய்விடுவேன்.